கை பட்டது கெடாது

பாறையூத்துப்பட்டியில் போதுமணியின் இட்லி மாவு பொங்காமல் போன அந்தக் காலையில் ஊரில் வேறு எதுவும் மாறியிருக்கவில்லை. பால் வண்டி வழக்கம்போல வந்தது, மேகம் வழக்கம்போல மலையின் இடுப்புவரை இறங்கி நின்றது, முந்தின நாள் திராட்சைப் பந்தல்களுக்கு அடித்த மருந்தின் வாடை வழக்கம்போலத் தெருவுக்குள் வந்து படுத்துக் கிடந்தது. போதுமணி சட்டியின் மூடியை எடுத்துப் பார்த்தாள். சாயங்காலம் கரைத்து வைத்த மாவு, ஒரு குமிழி இல்லாமல், ஒரு பொட்டுப் புளிப்பு வாடை இல்லாமல், வெள்ளையடிக்கக் கரைத்த சுண்ணாம்புபோல அசையாமல் கிடந்தது. வீட்டு வாசலில் இட்லிக்கடை போட்டிருந்தவள் அவள். பந்தல் வேலைக்குப் போகிறவர்கள் தூக்குவாளியோடு வந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஏழு மாத வயிற்றோடு குனிய முடியவில்லை என்று அவள் புருஷன் சுருளிதான் அந்த மாவுக்கு உப்புப் போட்டுக் கையால் கரைத்து வைத்திருந்தான்.

“என்னத்தைய்யா போட்டுக் கரைச்ச?” என்றாள் போதுமணி.

“உப்புத்தான்.”

“உப்புப் போட்டா மாவு செத்தா போகும்?”

மறுநாளும் அவன் கரைத்தான், மறுநாளும் மாவு செத்தே கிடந்தது. அதற்கடுத்த நாள் அவளே மூச்சுவாங்கக் கரைத்தாள். மாவு பொங்கி, மூடியைத் தள்ளி, அடுப்படி முழுக்க வழிந்து ஓடியது. அவன் உறை ஊற்றிய பால் பாலாகவே இருந்தது. பழைய சோற்றில் அவன் ஊற்றிய தண்ணீர் கடைசிவரை வெறும் தண்ணீராகவே இருந்தது. அவள் தலைக்கு அவன் வாங்கிவந்த மல்லிகைச் சரம் வாரம் தாண்டியும் அன்றைக்குப் பறித்ததுபோலவே மணத்தது. அதைப் பார்த்துத்தான் அவள் முதன்முதலாக அவன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அந்தக் கை கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே முதலாளி லோகேந்திரனின் திராட்சைத் தோட்டத்தில் மருந்து கலக்கிய கை. பன்னீர் திராட்சையை வைத்திருக்கிறவர்களுக்கு மழை என்றால் என்னவென்று தெரியும்: ஒரு ராத்திரி தூறி, விடியும்போது இலையில் ஈரம் நின்றால் போதும், இலைக்கு அடியில் மாவு தூவினதுபோல வெள்ளை பூத்துவிடும், அதன் பேர் செவட்டை, அது பூத்தால் ரெண்டு மூன்று நாளில் கொத்துக் கொத்தாகப் பிஞ்சு கருகி உதிரும், ஒரு வருஷப் பாடு மண்ணில் கிடக்கும். அதனால் மழைக்கு முன்னால் அடிப்பார்கள், மழைக்குப் பின்னால் அடிப்பார்கள், மழை வந்துவிடுமோ என்ற பயத்துக்கும் அடிப்பார்கள். டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அந்த மஞ்சள் பொடியைக் கொட்டி, குச்சியால் கலக்கினால் கட்டி தட்டும், தெளிக்கிற குழாயின் நாசிலில் அடைக்கும் என்று சுருளி முழங்கைவரை கையை விட்டுத்தான் கலக்குவான். எப்போதோ கொடுத்த கையுறை எப்போதோ கிழிந்துபோனது. விரலிடுக்கில் வெடிப்பு, கண்ணில் எரிச்சல், சாப்பிட்டால் நாக்கில் தகர ருசி. இதெல்லாம் மருந்தடிக்கிற எல்லோருக்கும் இருந்ததால் அதை யாரும் நோய் என்று சொல்லவில்லை. அந்தப் பொடியையும் யாரும் விஷம் என்று சொல்லவில்லை. மருந்து என்றுதான் சொன்னார்கள்.

சுருளியின் கை விஷயம் ஊருக்குத் தெரிந்தபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. அவரவருக்கு அதில் என்ன ஆகும் என்றுதான் யோசித்தார்கள். மீன்கூடைக்காரி கோட்டையம்மா விடியற்காலையில் வாசலுக்கு வந்து கூடையை இறக்கி, “சுருளி, ஒரு தொடு தொட்டுக் குடுப்பா” என்றாள். அன்றிலிருந்து அவள் ஐஸ் வாங்குவதை நிறுத்தினாள். கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தக்கால் நடுகிற அன்றே காய்கறி மூட்டைகளை இறக்கி அவனைக் கூட்டிப்போய்த் தடவச் சொன்னார்கள். கோயில் பூசாரி அவன் கையால் ஒரு மாலை வாங்கி அம்மனுக்குச் சாத்தினார். அது வாடவே இல்லை, வாடாத மாலையைக் கழற்றுவது குற்றமாகிவிடுமோ என்று அவர் அதன்மேலேயே அடுத்தடுத்த மாலைகளைச் சாத்திக்கொண்டே போக, கடைசியில் அம்மனுடைய முகம் தெரியாமல் போயிற்று. கேரளத்திலிருந்து வரும் திராட்சை வியாபாரி மத்தாயி, சுருளி அடுக்கிய பெட்டிகளை எர்ணாகுளத்தில் வாரக்கணக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, வந்து அவன் கையைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

ரிட்டயர்டு கண்டக்டர் சிட்டணன் செத்தபோது அவருடைய மகன்கள் ரெண்டு பேரும் வளைகுடாவில் இருந்தார்கள், லீவு கிடைக்கவில்லை. அவர்கள் வரும்வரை உடம்பு கெடாமல் இருக்கட்டும் என்று ஊர்க்காரர்கள் சுருளியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் கூச்சத்தோடு அவர் பாதத்தைத் தொட்டான். அவர் சாய்வு நாற்காலியில் மத்தியானத் தூக்கம் தூங்குகிறவர்போல உட்கார்ந்தே இருந்தார். ஊர் முதலில் அழுதது, பிறகு வந்து பேசிக்கொண்டு இருந்தது, பிறகு அவரவர் வேலைக்குப் போனது. அவருடைய சம்சாரம் பேச்சியக்கா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் கரண்டு பில்லைப் பற்றியும் மூத்த மருமகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வழியாக லீவு கிடைத்து மகன்கள் வந்து தூக்கும்போதுதான் அவள் கேட்டாள்: “கொண்டுபோய்ப் பொதைச்சா இவரை மண்ணு ஏத்துக்குமாப்பா?” சுருளி கூட்டத்தில் நின்றுகொண்டு தன் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டான்.

அன்றைக்குத்தான் அவனுக்குப் பயம் பிடித்தது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

“சார், நான் தொட்டா எதுவும் அழுகமாட்டேங்குது.”

“அழுகினாத்தான்யா எங்கிட்ட வரணும்” என்று சொல்லி, வெடிப்புக்குத் தடவ ஒரு களிம்பு கொடுத்தார்.

வேளாண்மை ஆபீசில் இருந்த அதிகாரி நல்ல மனுஷர்தான். உட்காரச் சொன்னார். லிட்டருக்கு எவ்வளவு கலந்தீர்கள், முகத்துக்குத் துணி கட்டினீர்களா, கடைசியாக அடித்ததுக்கும் பழம் பறித்ததுக்கும் நடுவில் எத்தனை நாள் விட்டீர்கள் என்றெல்லாம் கேட்டார்.

“நாங்க எங்க சார் விடுறது? மழை விட்டாத்தான நாங்க விட.”

“அப்படின்னா அளவு மீறிப் போயிருக்கீங்க. இது உங்க தப்பு.”

“சரி சார், என் தப்புன்னே வச்சுக்கங்க. இது சீக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

“அப்படி ஒரு சீக்கு கிடையாதேப்பா” என்றார் அதிகாரி, நிஜமான வருத்தத்தோடு.

மருந்துக்கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பி அதிலிருந்த பச்சை முக்கோணத்தைக் காட்டினார். சிவப்பு என்றால் பயப்படணும், பச்சை என்றால் பயப்படவே வேண்டாம் என்றார். அதோடு நிற்காமல் கம்பெனிக்கும் சொல்லிவிட்டார். கம்பெனியிலிருந்து இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவர் காரில் வந்து சுருளியின் கையை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தார்.

“எங்க தயாரிப்பு பூஞ்சைக்கு மட்டும்தாங்க எதிரி. மனுஷனை ஒண்ணும் பண்ணாது” என்றார்.

“அப்ப இந்தக் கைக்கு என்ன பண்ணுச்சு?”

“நல்லதுதான பண்ணியிருக்கு?”

கொஞ்ச நாளில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய மஞ்சள் கையை வரைந்து, ‘கை பட்டது கெடாது’ என்று கீழே எழுதினார்கள். சுருளி தினமும் அதைத் தாண்டித்தான் தோட்டத்துக்குப் போனான்.

போதுமணிக்கு வலி கண்டது ஒரு மழைநாளில். ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. நர்ஸ் துணியில் சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்து, “அப்பா யாரு, பிடிங்க” என்றபோது, சுருளி ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றான். நர்ஸுக்கு உள்ளே வேறு ஒரு பிரசவம் காத்திருந்தது. அவள் பிள்ளையை அவன் நெஞ்சோடு அழுத்திவிட்டு நகர்ந்தாள், பிள்ளை சரிந்தது, கை தானாக வந்து பிடித்தது. துணி விலகி, அவனுடைய விரல் பிள்ளையின் வயிற்றில், அறுத்துக் கட்டியிருந்த தொப்புள்கொடியின் மேல் பட்டது. அவன் அப்போது அதைப் பற்றி நினைக்கவில்லை. பிள்ளை அவ்வளவு சூடாக இருக்கும் என்று அவன் எதிர்பார்த்திருக்கவில்லை, அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

மற்ற பிள்ளைகளுக்கு அந்தத் துண்டுக்கொடி வாரம் பத்து நாளில் சுருங்கிக் காய்ந்து தானாக உதிர்ந்துவிடும். இந்தப் பிள்ளைக்கு உதிரவில்லை. காயவும் இல்லை. பிறந்த அன்றைக்கு இருந்த ஈரத்தோடும் பளபளப்போடும், இப்போதுதான் அறுத்ததுபோல அப்படியே இருந்தது. சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை, பிள்ளை பால் குடித்தது, தூங்கியது. சுகாதார நிலையத்து நர்ஸம்மா வாராவாரம் வந்து பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு போனாள். கொடி விழாமல் பேர் வைக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்னதால் பிள்ளை பேரில்லாமல் கிடந்தது. ஊர்க்காரர்கள் தொட்டிலைச் சுற்றி நின்று, “அப்பன் கை ராசிய்யா, இந்தப் புள்ளைக்கு ஒரு கொறையும் வராது பாரு” என்றார்கள்.

போதுமணி அவர்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு, சுருளியைப் பார்த்துக் கேட்டாள்.

“தொட்டியா?”

“விழுந்துரும்னு பிடிச்சேன்.”

“கொடியத் தொட்டியா?”

அவன் தலையை ஆட்டினான்.

“ஊருக்குப் பூராம் அழுகாம இருக்கணும். எனக்கு அழுகணும்யா. அழுக வேண்டியது அழுகித்தான் ஆகணும். கொடி அந்து எம்புள்ளை எங்கிட்டருந்து பிரிஞ்சு வரணும்ல? இன்னும் எங்கிட்டருந்து அந்து வராத புள்ளையா கெடக்கு இது.” அவள் கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருசநாட்டுப் பக்கம் அவள் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினாள். “கை சரியானா வா. ஆகலைன்னா போன் பண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சுருளி லோகேந்திரனிடம் போய், இனிமேல் மருந்து கலக்க மாட்டேன் என்றான். வானம் கறுத்துக் கிடந்தது. லோகேந்திரன் பந்தலுக்கு அடியில் நின்று இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானும் மனுஷன்தான் சுருளி. எனக்கு மட்டும் இந்த நாத்தம் பிடிக்குதா? ஒரு தடவை அடிக்காம விட்டுப் பாரு, நாளான்னைக்குப் பந்தல் பூராம் கருகிக் கெடக்கும். நீ சொல்லு, வேற என்ன பண்ண?”

“எனக்குத் தெரியல மொதலாளி.”

“தெரியலேல்ல? எனக்கும் தெரியல.”

மழை வருவதற்குள் லோகேந்திரன் வேறு ஆள் பிடிக்க ஓடினார்.

சுருளி கையைக் கழுவ ஆரம்பித்தான். புளி போட்டுத் தேய்த்தான், சாம்பல் போட்டுத் தேய்த்தான், சீயக்காய் போட்டுத் தேய்த்தான். மாட்டுக் கோமியத்தில் ஊறவைத்தான். எருக்குழிக்குள் கையை விட்டுக்கொண்டு பகல் முழுக்கக் குந்தியிருந்தான். அந்தக் குழியிலிருந்த சாணி அன்றோடு மக்குவதை நிறுத்திவிட்டது என்று குழிக்காரன் சண்டைக்கு வந்தான். விலை போகாமல் சந்தைக்குப் பின்னால் கொட்டிக் கிடந்த தக்காளிக் குவியலுக்குள் கையைப் புதைத்து வைத்தான். கூழாகிக்கொண்டிருந்த தக்காளிகள் கூழாவதைப் பாதியில் நிறுத்திவிட்டு அப்படியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

யார் கேட்டும் அவன் எதையும் தொட்டுக் கொடுக்க மறுத்ததால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். கோட்டையம்மா மீன் நாறிப்போனதாக அழுதாள். பெட்டி அடுக்கக் கூப்பிட்டு மத்தாயி ஆள் அனுப்பியிருந்தார். கிடைத்த ராசியை உதறுகிறவனை அம்மன் மன்னிக்காது என்றார் பூசாரி.

“ராசி ராசிங்கிறீகளே,” என்று சுருளி எழுந்து நின்றான், “உங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், எங்கிட்ட வந்து, ‘ஏம்ப்பா, வலிக்குதா’ன்னு கேட்டீகளா? எம்புள்ளைக்கு இன்னும் பேரு வைக்கல. அது தெரியுமா உங்களுக்கு?”

யாரோ மெதுவாக, “வலிக்குதாப்பா?” என்றார்கள்.

“வலிக்கல” என்றான் சுருளி. அதுதான் உண்மை. அந்த உண்மையைச் சொன்னதும் கூட்டத்துக்கு ஒரு நிம்மதி வந்துவிட்டது. அப்புறம் என்னப்பா என்று எல்லோரும் எழுந்து போனார்கள். மறுநாள் லோகேந்திரனின் தோட்டத்தில் மருந்து கலக்க ஏழெட்டு ஆட்கள் வந்து நின்றார்கள். கையுறை வேண்டாம் என்று அவர்களாகவே சொன்னார்கள். டிரம்மைச் சுற்றி நின்று, சாமி தீர்த்தத்தில் விடுவதுபோல, முழங்கைவரை கையை விட்டார்கள். சுருளி வேலிக்கு வெளியே நின்று, “எடுங்கடா, கைய எடுங்கடா” என்று தொண்டை கட்டும்வரை கத்தினான். “நீ மட்டும் பெரிய ஆளா இருக்கணுமாக்கும்” என்றான் ஒருத்தன்.

சுருளி ஊரைவிட்டுப் போனான். ஆண்டிபட்டிக்கு அங்கிட்டு ஒரு செங்கல் சூளையில் மண் மிதிக்கிற வேலை கிடைத்தது. அவனை அங்கே யாருக்கும் தெரியாது, யாரும் எதையும் கொண்டுவந்து தொடச் சொல்லவில்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை சேற்றுக்குள் நின்று, சேற்றை அள்ளி, சேற்றோடு சேறாகக் கிடந்தான். போதுமணியின் அண்ணன் ஒருநாள் போன் பண்ணி, பிள்ளையைக் குளிப்பாட்டும்போது கொடி விழுந்துவிட்டது, மகிழம் என்று பேர் வைத்துவிட்டோம் என்றான். சுருளி சேற்றுக்குள் உட்கார்ந்துவிட்டான். பிள்ளை தன்னைவிட்டுத் தூரத்தில் இருந்ததால்தான் விழுந்தது என்று அவனுக்குத் தெரியும். அந்தத் தூரத்துக்குக் காரணம் தான்தான் என்பதும் தெரியும்.

மழைக்காலம் போய்ப் பனி வந்தது. பனி முடிகிற நேரத்தில் அவனுடைய வலது உள்ளங்கையில் ஒரு அரிப்பு வந்தது. வெடிப்பு அரிப்பு அல்ல, இது வேறு. சிவப்பாக ஒரு வட்டம், ஓரத்தில் செதில். தினம் கொஞ்சம் கொஞ்சமாக அகலமானது. சொறியச் சொறிய சுகமாக இருந்தது. அவன் அரசு ஆஸ்பத்திரிக்கு, அதே டாக்டரிடம் போனான். டாக்டருக்கு அவனை ஞாபகம் இல்லை. கையைப் பார்த்தவுடனே, “படர்தாமரை” என்றார்.

“அப்படின்னா சார்?”

“பூஞ்சைய்யா. ஈரத்துல கெடந்தா வரும்.”

“உசுரோட இருக்கற பூஞ்சையா சார்? எங்கையிலயா?”

“பின்ன, எங்கையிலயா?”

சுருளி டாக்டரின் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், கண்ணில் தண்ணீர் வந்தது. இவ்வளவு நாளும் அலைந்து அலைந்து, ஒரு வழியாக ஒரு டாக்டர் அவன் கைக்கு ஒரு சீக்கின் பேரைச் சொல்லிவிட்டார். டாக்டர் அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, “ரெண்டு வேளை தடவு, ஓடியே போயிரும்” என்று ஒரு மருந்து ட்யூபை நீட்டினார். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே வருசநாட்டுக்குப் பஸ் ஏறினான்.

போதுமணி முற்றத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்குக் கழுத்து நின்றுவிட்டது. வந்தவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் பேசக்கூட இல்லை, உள்ளங்கையை விரித்துக் காட்டினான். அவள் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் ரெண்டடி பின்னால் போனாள்.

“ஐயோ, தேமலா படர்தாமரையா இது? கிட்ட வராத. புள்ளைக்கு ஒட்டிக்கும்.”

சுருளி நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு அவனுக்குள் அத்தனை நாளும் போகுமிடம் தெரியாமல் கிடந்தது எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது.

“கெடாத கையா இருந்தப்பவும் தொடக் கூடாது. கெட்டுப்போனப்புறமும் தொடக் கூடாது. அப்ப நான் எப்பத்தான்டி தொடுறது?”

அக்கம்பக்கத்து வீடுகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. போதுமணிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“மருந்து குடுக்கலையா?”

அவன் ட்யூபை எடுத்து நீட்டினான். “குடுத்தாரு. தடவுனா செத்துரும்ங்கிறாரு. தடவவா வேணாமா, நீயே சொல்லு. எனக்குச் சொல்லத் தெரியல.”

அவள் அந்த ட்யூபைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. முற்றத்துக் கொடியில் காய்ந்த துண்டை உருவி அவனுடைய ரெண்டு கையையும் மணிக்கட்டோடு சேர்த்துச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

“முழங்கைய மடக்கு. இன்னும் கொஞ்சம். ம்.”

அவன் மடக்கினான். அவள் பிள்ளையை அந்த மடிப்புக்குள் இறக்கினாள். பிள்ளை இந்தப் புது இடம் வசதிப்படவில்லை என்று நெளிந்தது, காலை உதைத்தது, அவன் சட்டைப் பொத்தானை வாயில் போட்டுப் பார்த்துத் துப்பியது, பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டது. தோள் கடுக்க ஆரம்பித்தது. சுருளி அசையவில்லை. போதுமணியும் வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை.